பேனலா, ரிலே ரூமா? இணையதளத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு

சென்ற பொங்கல் விழா முடிந்து, பந்திப் பாத்திரங்களை எண்ணி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நம் சங்க உறுப்பினர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பையன் பி.எஸ்ஸி. முடித்தவன். ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் 'ஃபுல் ஸ்டாக் டெவலப்மெண்ட்' படித்திருக்கிறான். கட்டணம் ரூ. 80,000. அதில் பாதி, தகப்பனார் அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன். கையில் சான்றிதழ் இருக்கிறது. ஒன்பது மாதமாக வேலைதான் இல்லை.

"அங்கிள், ஃபிரண்ட் எண்ட் எடுக்கட்டுமா, பேக் எண்ட் எடுக்கட்டுமா? ஏதாவது ஒன்றில் ஸ்பெஷலைஸ் பண்ணாமல் வேலை கிடைக்காது என்கிறார்கள். அதற்குத் தனி கோர்ஸ் இருக்கிறதாம், 45,000 ரூபாய்" என்றான். தகப்பனார் வாயைத் திறக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னிடம் ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், நம் சங்கத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேறு யாரும் கை தூக்கவில்லை. அவ்வளவுதான் என் தகுதி. டிப்ளமா படித்த நாளில் கம்ப்யூட்டரைக் கண்ணாலும் கண்டதில்லை. அறுபதுக்கு மேல் உட்கார்ந்து கற்றுக்கொண்டவன் என்பதால், புதிதாக வருபவன் எங்கே தடுக்கி விழுவான் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். எல்லா இடத்திலும் நானே விழுந்திருக்கிறேன்.

அன்று நின்றபடி சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நம் வீடுகளில் இன்னும் சில பிள்ளைகள் இருப்பதாகக் கேள்வி.

முதலில் இந்தத் துறைகள் என்ன என்று பார்ப்போம். 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து உலகின் முதல் இணையதளத்தை வெளியிட்டபோது துறை என்று ஒன்றும் கிடையாது. படிக்கிற பக்கம், அதிலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒரு சுட்டி. ஒருவரே எல்லாம் செய்யலாம். 1995-ஐ ஒட்டி ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் ஆகிய மூன்றும் வந்தன. பக்கம் என்பது படிக்கும் தாளாக இருந்தது மாறி, வேலை செய்யும் இயந்திரமாயிற்று. இயந்திரம் பெரிதானபோது வேலையும் பிரிந்தது.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ரயில் டிக்கெட். நீங்கள் கைப்பேசியில் தேதி, வண்டி, பெயர் எல்லாம் போட்டுப் பொத்தானை அழுத்துகிறீர்கள். கண்ணுக்குத் தெரியும் பக்கம், எழுத்து, நிறம், பொத்தான், தவறாகப் போட்டால் வரும் சிவப்பு வரி ஆகியவை ஃபிரண்ட் எண்ட். அது உங்கள் கைப்பேசிக்குள்ளேயே ஓடுவது. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் அதன் மூலப்பொருட்கள். அழுத்தியவுடன் செய்தி எங்கோ இருக்கும் செர்வருக்குப் போகிறது. இடம் இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு, பணம் வந்ததா என்று அங்கே ஒரு நிரல் முடிவு செய்கிறது. அது பேக் எண்ட். முடிவு எழுதப்படும் கணக்குப் புத்தகம் டேட்டாபேஸ். இத்தனையும் இரவு பகல் நிற்காமல் ஓட செர்வர்களைக் கவனிப்பது இன்னொரு தனி வேலை. இப்போது டெவ்ஆப்ஸ் என்று பெயர்.

சிக்னல்காரன் கண்ணுக்கு இது வேறு மாதிரி தெரியும். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஒரு பேனல் இருக்கும். யார்டின் படம், விளக்குகள், பொத்தான்கள். ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு பொத்தானை அழுத்தினால் வழி அமைந்து சிக்னல் பச்சையாகும். பார்ப்பவர்கள் பேனல்தான் எல்லாம் செய்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அது ஒரு வேண்டுகோளைத்தான் அனுப்புகிறது. பூட்டி சீல் வைத்த ரிலே ரூமுக்குள், பாயிண்ட் சரியாகப் பொருந்தி விட்டதா, தண்டவாளத்தில் வேறு வண்டி நிற்கிறதா, குறுக்கே இன்னொரு வழி ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று ரிலேக்கள் பார்த்து, எல்லாம் சரி என்றால்தான் சிக்னல் விழும். தவறான பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ரிலே ரூம் அசையாது.

இணையதளத்திலும் இதே கதைதான். பக்கத்தில் 'வயது 5 முதல் 125 வரை' என்று ஃபிரண்ட் எண்டில் கட்டுப்பாடு வைத்திருக்கலாம். ஆனால் விஷயம் தெரிந்தவன் உங்கள் பக்கத்தைத் திறக்காமலேயே செர்வருக்கு நேராகச் செய்தி அனுப்பிவிடுவான். ஆகவே செர்வர் எல்லாவற்றையும் மறுபடி சோதித்தே ஆகவேண்டும். இந்த ஒரு விஷயம் புரியாமல் பேக் எண்ட் எழுத உட்காரும் பிள்ளைகள் அதிகம்.

பேனல் அற்பமானது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். சங்கத்தின் உறுப்பினர் பதிவுப் படிவத்தை முதன்முதலில் இணையத்தில் ஏற்றினேன். எங்கோ கிடைத்த மாதிரியை அப்படியே எடுத்துப் போட்டதில் 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். நமக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நாம் முடித்துக்கொள்கிறோம். வடக்கே வந்த நாள் முதல் வங்கியிலும் பள்ளியிலும் இந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டிய நானே, நம்மவர்களுக்கு அதே கட்டத்தை வைத்துவிட்டேன்! ஒருவர் புள்ளி வைத்தார். ஒருவர் ஊர்ப் பெயரைப் போட்டார். ஒரு அம்மாள் தம் பெயரையே இரண்டு முறை எழுதினார். பாதிப்பேர் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தமிழில் பெயர் எழுதியவர்களின் கதை இன்னும் மோசம். டேட்டாபேஸை யூனிகோடுக்கு அமைக்காமல் விட்டிருந்தேன். பட்டியலில் வரிசையாகக் கேள்விக்குறிகள். முதல் தவறு முன்பக்கத்தில், இரண்டாவது பின்பக்கத்தில். உறுப்பினருக்கு இரண்டும் ஒன்றுதான். 'படிவம் வேலை செய்யவில்லை' என்றுதான் சொல்வார்.

நல்ல ஃபிரண்ட் எண்ட் ஆள் என்பவர் இப்படிப்பட்ட மனிதர்களை நினைத்துப் பார்ப்பவர். அப்பாவின் பழைய கைப்பேசியில் பக்கம் திறக்கிறதா? எழுபது வயதுக்காரர் சாம்பல் நிற எழுத்தைப் படிப்பாரா? சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதலே இருக்கிறது. பார்வை இல்லாதவர்கள் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளை வைத்துக்கொண்டு தளங்களைப் பயன்படுத்துகிறார்கள். படத்துக்கு விளக்கம் எழுதாமல் விட்டால் அவர்களுக்கு அது வெற்றிடம். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பின் இது தயவு அல்ல, கடமை. இந்த வேலை அறிந்தவர்கள் குறைவு. 'ஃபிரண்ட் எண்டில் கூட்டம் அதிகம்' என்று பயப்படும் பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம். அழகாகப் பெட்டி அடுக்குபவர்கள்தான் கூட்டமாக இருக்கிறார்கள்.

இனி பின்பக்கம். எனக்குப் பிடித்த இடம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளவும்.

ஒரே ஒரு பர்த் மிச்சம் இருக்கிறது. நாக்பூரிலிருந்து ஒருவரும் மதுரையிலிருந்து ஒருவரும் ஒரே நொடியில் கேட்கிறார்கள். நிரல் என்ன செய்கிறது? 'எத்தனை மிச்சம்?' என்று படிக்கிறது. 1 என்று வருகிறது. 'சரி, கொடு' என்று சொல்லி 0 என்று எழுதுகிறது. இருவருக்காகவும் இது தனித்தனியே ஒரே சமயத்தில் நடந்தால், இருவருமே 1 என்று படிப்பார்கள், இருவருக்கும் டிக்கெட் கிடைக்கும், ஒரே பர்த்தில் இருவர் சண்டை போடுவார்கள். 1985-ல் புது தில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்குவதற்கு முன் இந்தத் தொல்லை இல்லை. ஒரு வண்டியின் ஒரு நாளுக்கு ஒரே ரிஜிஸ்டர். அது ஒரு சமயத்தில் ஒரு குமாஸ்தாவின் கையில்தான் இருக்கமுடியும். வரிசை நீளமாக இருந்தது, உண்மைதான். ஆனால் அந்த ரிஜிஸ்டரே ஒரு பூட்டாகவும் இருந்தது.

ஒற்றைப் பாதையில் நாங்கள் இதற்குச் செய்த ஏற்பாடு டோக்கன். இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு டோக்கன் கருவி. இரண்டும் கம்பியால் இணைந்தவை. ஒரு கருவியிலிருந்து இரும்புப் பந்து ஒன்றை எடுத்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை எந்தப் பக்கத்திலிருந்தும் இன்னொன்று வராது. பந்தைத் தோல் பையில் போட்டு வளையத்தோடு டிரைவரிடம் நீட்டுவார்கள். அது கையில் இல்லாமல் வண்டி செக்‌ஷனுக்குள் நுழையாது. இரண்டு வண்டி எதிரெதிரே வருவதற்கு வழியே இல்லை. டேட்டாபேஸில் 'டிரான்ஸாக்‌ஷன்', 'லாக்' என்று படிப்பதெல்லாம் இந்தப் பந்துதான். படிப்பதும் எழுதுவதும் பிரிக்கமுடியாத ஒரே செயலாக நடக்கவேண்டும். பாதியில் மின்சாரம் போனால், ஒன்றுமே நடக்காததுபோல் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். பணம் கட்டும் பொத்தானைப் பொறுமையில்லாமல் இருமுறை அழுத்தினாலும் ஒருமுறைதான் பணம் பிடிக்கவேண்டும் என்பதும் இந்த வகைச் சிந்தனையே. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே வந்ததா என்று பார்ப்பார்கள்.

இப்படி 'என்னவெல்லாம் தப்பாகப் போகலாம்' என்று யோசிப்பதில் இன்பம் காண்பவர்களுக்குப் பேக் எண்ட் பொருந்தும். பிஎச்பி, பைதான், ஜாவா, சி ஷார்ப், நோட் என்று மொழிகள் பல. மொழி இரண்டாம் பட்சம்.

டெவ்ஆப்ஸுக்கு லினக்ஸும் நெட்வொர்க்கும் நன்றாகத் தெரியவேண்டும். முதல் வேலையாகக் கிடைப்பது கடினம். டெஸ்டிங் நல்ல வாசல். அதைக் கீழாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, காரணம் புரியவில்லை. புதிய சிக்னலைச் சோதித்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு வண்டியைக்கூட விடமாட்டோம். பாதுகாப்புத் துறை வேண்டும் என்பவர்கள் முதலில் இரண்டு வருஷம் ஏதாவது ஒன்றைக் கட்டிப் பழகுவது நல்லது.

'ஃபுல் ஸ்டாக்' என்றால்? வழியோர ஸ்டேஷனில் ஒரே ஒரு மெயிண்டெயினர் பேட்டரிக்குத் தண்ணீர் விடுவார், பாயிண்டுக்கு எண்ணெய் போடுவார், டெலிபோனும் பார்ப்பார். பெரிய யார்டில் ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். சின்ன நிறுவனங்கள் ஃபுல் ஸ்டாக் கேட்பது அந்த வழியோர ஸ்டேஷன் கணக்கில்தான். முதல் வேலைக்கு அது கெடுதல் அல்ல. ஆறு மாத வகுப்பில் அந்த ஆள் உருவாகிவிடுவான் என்று சொல்லிப் பணம் வாங்குவதுதான் கெடுதல்.

எங்கள் பையனிடம் விசாரித்ததில் தெரிந்தது இது. வகுப்பில் ஒரு கடை இணையதளத்தை ஆசிரியர் தட்டத் தட்ட இவர்களும் தட்டியிருக்கிறார்கள். அது ஓடியது. ஆனால் இரண்டு அட்டவணைகளைச் சேர்த்து ஒரு கேள்வி கேட்க எஸ்கியூஎல்-இல் அவனுக்குத் தெரியவில்லை. உலாவி செர்வரிடம் என்ன பேசுகிறது என்று கேட்டால் விழித்தான். அடித்தளமே இல்லாதவன் எந்த மாடியில் குடியிருப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்லவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிள்ளைகள் 'ரியாக்டில் ஸ்பெஷலைஸ் பண்ணப்போகிறேன்' என்கிறார்கள். அது கருவியின் பெயர், துறையின் பெயர் அல்ல. 2000-களில் ஃபிளாஷ் தெரிந்தவருக்கு ராஜ மரியாதை. 2020 டிசம்பர் 31-ஓடு அதன் ஆதரவு முடிந்தது. 2006-ல் வந்த ஜேகுவெரியை எல்லோரும் ஓடி ஓடிக் கற்றார்கள். 2010-ல் கூகுள் வெளியிட்ட ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2022 தொடக்கத்தோடு ஆதரவு நின்றது. ரியாக்ட் 2013-ல் வந்து இன்றும் நன்றாக ஓடுகிறது, நாளை எப்படியோ. என் உத்தியோக காலத்துக்குள்ளேயே லீவர் போய் ரிலே வந்தது, ரிலே போய் எலெக்ட்ரானிக் இண்டர்லாக்கிங் வந்தது. லீவருக்கு எண்ணெய் போடமட்டும் தெரிந்தவர்கள் சங்கடப்பட்டார்கள். பாயிண்ட் பூட்டாமல் சிக்னல் விழக்கூடாது என்பதன் காரணம் புரிந்தவர்கள் மூன்று தலைமுறைக் கருவியிலும் வேலை செய்தார்கள். கருவியையும் கற்கத்தான் வேண்டும். வேலைக்கு அதைத்தான் கேட்பார்கள். எதைக் கற்பது என்பதற்கு உங்கள் ஊர் வேலை விளம்பரங்களை ஒரு மாதம் தொடர்ந்து பார்த்துக் கோடு கிழித்து எண்ணுங்கள். வங்கி, பெரிய நிறுவனங்கள் பக்கம் ஜாவாவும் டாட் நெட்டும் தென்படும். சின்ன நிறுவனங்களில் பிஎச்பி, வேர்ட்பிரஸ். உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் வேர்ட்பிரஸில்தான் ஓடுகின்றன. அதை ஏளனம் செய்பவர்கள் செய்துகொள்ளட்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு எல்லாம் எழுதிவிடுகிறதே, இந்தத் துறைக்கே வரலாமா என்று தகப்பனார்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் நானும் பயன்படுத்துகிறேன். படிவம் எழுது என்றால் நிமிஷத்தில் எழுதித் தருகிறது. அதில் குடும்பப்பெயர் கட்டாயம் என்று மறுபடியும் வந்து நின்றது! எழுதியது சரியா என்று பார்க்கத் தெரியாதவனுக்கு அந்த உதவி ஆபத்து; தெரிந்தவனுக்குப் பெரிய கை உதவி. அப்படியே பெட்டி அடுக்கும் வேலை குறைந்துவருகிறது என்பதை நான் மறைக்கமாட்டேன். அதனால்தான் அடித்தளத்தில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? சிக்னல் பிரிவில் சேர்ந்தவுடன் எங்களை ஒரே இடத்தில் உட்காரவைக்கவில்லை. கேபிள், ரிலே, பிளாக் கருவி, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று சில மாதம் சுற்றவிட்டார்கள். கை எதில் படிகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. பையனுக்கும் அதே ஏற்பாடு செய்தேன். நம் சங்க நூலகத்தின் இரவல் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். புதுப் பாடம் வேண்டாம், இந்த நோட்டையே மூன்று விதமாகச் செய் என்றேன்.

முதலில் பக்கம். புத்தகப் பட்டியல், தேடும் வசதி. அவன் அம்மாவின் கைப்பேசியிலும் நூலகத்துப் பெரிய திரையிலும் சரியாகத் தெரியவேண்டும். மௌஸைத் தொடாமல் கீபோர்டாலேயே எல்லாம் செய்ய முடியவேண்டும். ரியாக்ட் கூடாது. பிறகு டேட்டாபேஸ். புத்தகம், உறுப்பினர், இரவல் என மூன்று அட்டவணை. பதினைந்து நாளுக்கு மேல் யாரிடம் என்ன இருக்கிறது என்று ஒரே கேள்வியில் பதில் வரவேண்டும். ஒரே புத்தகத்தை இருவர் ஒரே நேரத்தில் எடுத்துவிடக்கூடாது. கடைசியாக, இதை ஒரு செர்வரில் ஏற்றி, காப்புப் பிரதி எடுத்து, பிறகு வேண்டுமென்றே எல்லாவற்றையும் அழித்துவிட்டு அந்தப் பிரதியிலிருந்து மீட்டுக்காட்டவேண்டும். இவற்றுக்குச் செலவு இல்லை. மொசில்லாவின் எம்.டி.என். பக்கங்கள், ஃப்ரீகோடுகேம்ப், ஐ.ஐ.டி.க்களின் என்பிடெல் பாடங்கள் எல்லாம் இலவசமாகவே படிக்கலாம்.

கவனிக்கச் சொன்னது ஒன்றுதான்: பிழை வந்தபோது எதில் எரிச்சல் வந்தது, எதில் விடமாட்டேன் என்று தோன்றியது?

பக்கத்தை முடிக்க அவனுக்கு மூன்று வாரம் ஆயிற்று. நிறங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மா சொல்லிவிட்டார். டேட்டாபேஸ் வேலை தொடங்கிய இரண்டாம் நாள் இரவு பத்தரை மணிக்குப் போன் வந்தது. "அங்கிள், ஒருவர் எடுத்த புத்தகத்தை அவர் மனைவி தன் பெயரில் திருப்பிக் கொடுத்தால் கணக்கு எப்படி?" நம் நூலகத்தில் வாரம் தவறாமல் நடப்பதுதான். நோட்டில் அடித்து எழுதிச் சமாளித்து வந்தோம். அவன் அதற்கு நான்கு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். நான் சொன்னதைவிட நல்ல வழி.

45,000 ரூபாய் கோர்ஸில் அவன் சேரவில்லை. பேக் எண்ட், பைதான், போஸ்ட்கிரஸ் என்று வைத்துக்கொண்டான். பக்கமும் ஓரளவு எழுத வரும். இதற்கிடையில் இரண்டு இடங்களுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தான். முதல் இடத்தில் சான்றிதழைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் இரவல் பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லி, ஒரே புத்தகத்தை இருவர் கேட்டால் என்ன ஆகும் என்று முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்களாம். டோக்கன் பந்து கதையையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. தகப்பனார் தினம் கேட்கிறார், நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை 4 மணி முதல் 6 மணி வரை சங்க நூலகத்தில் இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு இருக்கும் பிள்ளைகள் வரலாம். லேப்டாப் கொண்டுவரவும், சார்ஜரையும் மறக்காமல் கொண்டுவரவும், நூலகத்தில் வேலை செய்யும் பிளக் பாயிண்ட் ஒன்றுதான் இருக்கிறது.